சண்டைக்கென்று ஒரு பாஷை

"நோடி பத்திரிகைம்மா… என்னைப் பாத்தா கூசை அடிக்கறவ மாதிரியா தெரியுது?"

போன மாதம் ஒரு மத்தியானம், எங்கள் ஹவுஸ் ஓனர் கௌரம்மா மாடியேறி வந்து என் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. கையில் சாம்பார் கரண்டி. கண்ணில் தண்ணீர். அடுப்பை அணைத்தாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

கௌரம்மா கன்னடக்காரர். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், கோபம் வந்தால் கொஞ்சம் தெலுங்கு என்று பேசுவார். பத்திரிகையில் பத்தி எழுதுவதால் நான் அவருக்குப் பத்திரிகைம்மா. நோடி என்றால் அவர் பாஷையில் பாருங்கள், கூசு என்றால் குழந்தை. அவர் சொன்ன கூசு, கீழ் போர்ஷனில் குடியிருக்கிற ஹரிணி. யு.கே.ஜி. படிக்கிறாள்.

ஹரிணியின் அப்பா பாண்டியன் விருதுநகர் பக்கம். அம்மா ரேவதி திருச்சிக்காரி. இரண்டு பேருக்கும் சிப்காட்டில் வேலை, ஆளுக்கொரு கம்பெனி. பாண்டியனுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ரேவதிக்கு ஜெனரல் ஷிஃப்ட். ஸ்கூல் ஆட்டோ ஹரிணியைக் கொண்டுவந்து கௌரம்மா வீட்டில் இறக்கிவிடும். சாயங்காலம் ரேவதி வந்து கூட்டிப் போவாள். கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஹரிணி முதன்முதலில் நடந்ததே கௌரம்மா வீட்டு ஹாலில்தான்.

அப்படிப்பட்ட குழந்தை, திடீரென்று கௌரம்மா வீட்டுக்குள் போகவே அழ ஆரம்பித்தாள்.

அழுகை மட்டுமா? ஸ்கூலிலிருந்து வந்தால் ஷூவைக் கழற்ற மாட்டாள். முதுகிலிருக்கும் பையை இறக்க மாட்டாள். சாதம் பிசைந்து கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டாள். ஷூவும் பையுமாக கேட்டைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். ரேவதி வந்து கையைப் பிடித்த பிறகுதான் முகத்தில் உயிர் வரும்.

ரேவதி என்ன நினைப்பாள்? எந்தத் தாயும் நினைப்பதைத்தான் நினைத்தாள். குழாயடியில் என்னை நிறுத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க பகல்ல வீட்டுலதான இருக்கீங்க… அந்தம்மா பாப்பாவ அடிக்குதாக்கா? மறைக்காம சொல்லுங்க."

"சேச்சே, என்னா பேச்சு ரேவதி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள்ளும் ஒரு சின்ன உறுத்தல். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மாடியில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேங்க்கா" என்றாள். அப்போதுதான் அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். அந்த சந்தோஷத்துக்கு ஸ்வீட் கொடுத்த டப்பாவை நான் இன்னும் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை.

பாண்டியனோ ஒரு படி மேலே போய், வேறு வீடு பார்க்கிறோம் என்று கௌரம்மாவிடமே சொல்லிவிட்டான். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "பிள்ளை பயப்படுதும்மா" என்று தரையைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அதனால்தான் அந்தக் கரண்டியும் கண்ணீரும்.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அடுப்பை அணைக்காமல்தான் வந்திருந்தார். அன்றைக்கு எங்கள் காம்பவுண்டு முழுக்கத் தீய்ந்த சாம்பார் வாசனை.

அந்த வாரமே சனிக்கிழமை. கரண்ட் இல்லை. இப்போதெல்லாம் கரண்ட் இருந்தால்தான் எழுத வேண்டிய விஷயம்! வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் துணிகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

தண்ணீர் டேங்க் நிழலில் ஹரிணி உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் லீவு. ரேவதிக்கு வேலை இருந்ததால் கௌரம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். அன்றைக்கும் குழந்தையின் காலில் ஷூ. முதுகில் பை.

துணிக்கு மாட்டுகிற என் க்ளிப் டப்பாவைக் கவிழ்த்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு நீல க்ளிப், ஒரு ரோஸ் க்ளிப், ஸ்பிரிங் போன ஒரு குட்டி மஞ்சள் க்ளிப். குட்டியை ஒரு பிளாஸ்டிக் மக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தொங்கிய பெட்ஷீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். (ஒட்டுக்கேட்பது தப்புதான். எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்று நானே முடிவு செய்து வைத்திருக்கிறேன்.)

ரோஸ் க்ளிப் கத்தியது: "நானு ஊரிகெ ஹோக்தீனி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னடம்! நான் ஊருக்குப் போகிறேன் என்கிறது.

நீல க்ளிப் பதிலுக்குக் கத்தியது: "ஹோகு! மகு கௌரம்மன ஹத்ர இர்லி!"

போ… குழந்தை கௌரம்மாவிடமே இருக்கட்டும்.

பிறகு ரோஸ் க்ளிப் மெதுவாக மக்கின் பக்கம் வந்து குனிந்தது. இப்போது சுத்தத் தமிழில், தேன் ஒழுகும் குரலில் பேசியது. "ஒண்ணுமில்லடா செல்லம். அப்பாவும் நானும் சும்மா பேசிட்டிருக்கோம். நீ தூங்கு."

மக்குக்கு அடியிலிருந்த குட்டி க்ளிப் எதுவும் பேசவில்லை.

ஈரத் துணியோடு நான் அப்படியே நின்றேன். எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்குக் கௌரம்மாவைப் பார்த்துப் பயமில்லை. தன்னைக் கௌரம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் பயம். ஷூவைக் கழற்றினால், பையை இறக்கினால், சாதத்தைச் சாப்பிட்டால்… இங்கேயே தங்க ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அதனால்தான் எந்த நேரமும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், பாவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் ரேவதி வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை கௌரம்மாவின் ஹாலில் இருந்தாள்.

"ஏம்மா, நீயும் பாண்டியனும் கன்னடத்துல சண்டை போடுவீங்களா?"

ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ரேவதி எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகிற வழியில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்த்திருக்கிறாள். பாண்டியனுடன் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கர்நாடகப் பக்கத்து ஆனேக்கல்காரர்கள். ஆக, இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கன்னடம் தெரியும். குழந்தைகளுக்குப் புரிகிற மாதிரி சண்டை போடாதீர்கள் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறார்கள். (என் பத்தி இல்லை, சத்தியமாக!) புரியாத பாஷையில் போட்டுவிட்டால் போச்சு என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எதற்குச் சண்டை? பெரிதாக ஒன்றுமில்லை. இவள் வரும்போது அவன் கிளம்புவான். அவன் வரும்போது இவள் தூங்குவாள். ஒரு நாளைக்கு ஒருவரையொருவர் பார்ப்பதே ஒரு மணி நேரம். கேஸ் புக் பண்ணாதது, மாமியார் போனில் சொன்னது, ஓவர்டைம், முதுகுவலி எல்லாவற்றையும் அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். சண்டையையும் அதற்குள்தான் போட்டாக வேண்டும். அவசரத்தில் வாய் எங்கேயோ போய்விடுகிறது. அவர்களுக்குத் தெரிந்த கன்னடமோ ரொம்பக் கொஞ்சம். போ, வா, வாயை மூடு, ஊருக்குப் போகிறேன். அதில் கொஞ்சுவதற்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

"ஆனா அவளுக்குக் கன்னடம் தெரியாதுக்கா" என்றாள் ரேவதி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைக்குழந்தையிலிருந்து கன்னட வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் கன்னடம் தெரியாதாம்! இந்தப் புத்திசாலிகளை என்ன செய்வது?

"உங்களவிட அவளுக்கு நல்லாத் தெரியும்மா" என்றேன். மாடியில் கேட்டதைச் சொன்னேன். கௌரம்மாவிடம் இருக்கட்டும் என்ற வரியை அப்படியே கன்னடத்தில் சொன்னபோது, ரேவதி கையிலிருந்த டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ… அது வாய் தவறி வந்ததுக்கா. கோவத்துல சொன்னது. அன்னைக்கே சமாதானம் ஆயிட்டோம். அவ தூங்கினப்புறம்…"

அங்கேதான் இருக்கிறது சிக்கல், கவனித்தீர்களா? சண்டை குழந்தை விழித்திருக்கும்போது. சமாதானம் குழந்தை தூங்கிய பிறகு. ஹரிணியின் கணக்கில் அந்தச் சண்டை இன்னும் முடியவே இல்லை! ஓசூரின் க்ளைமேட்டைப் பற்றி நாமெல்லாம் எவ்வளவு பெருமை அடித்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் இருக்கிற க்ளைமேட்டை யார் பார்க்கிறார்கள்? நமக்கு மழை விட்டு வெயில் வந்துவிட்டது. மக்குக்கு அடியில் இருக்கிறவளுக்கு அதை யாராவது போய்ச் சொன்னோமா?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பாண்டியன் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றிருக்கிறான். எவ்வளவு கேட்டானோ தெரியாது. நேராகக் கௌரம்மா வீட்டுக்குள் போனான். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

ஹரிணி எப்போதும்போல ஷூவும் பையுமாகக் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாண்டியன் யூனிஃபார்மோடு தரையில் மண்டியிட்டான்.

"பாப்பா, அப்பா சொல்றதக் கேளு. அம்மா உன்னைய விட்டுட்டு எங்கிட்டும் போக மாட்டா. நானும் போக மாட்டேன். அன்னைக்கு அப்பா கிறுக்குத்தனமாப் பேசிட்டேன். அது பொய்யி."

குழந்தை பையின் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் முதல் தடவையாகக் கன்னடத்தில் கேட்டாள்:

"நிஜவாக்லூ?"

நிஜமாகவா என்கிறாள். பாண்டியனுக்கு வாய் கோணிக்கொண்டது. அவனுக்குத் தெரிந்த கன்னடத்தில் இதற்குப் பதிலே இல்லையே! கடைசியில் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னான்.

"நிஜவாக்லூ."

சொல்லிவிட்டு அவன் அழ, ரேவதி அழ, நானும் முந்தானையைத் தேட வேண்டியதாகிவிட்டது. அழாதவர் கௌரம்மா மட்டும்தான். அவருக்கு விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏனம்மா ரேவதி… எங்க பாஷைல எத்தன ஒள்ளே மாத்து இருக்குது, நல்ல வார்த்தை! ஜகள ஆடறதுக்கா, சண்டைக்கா கத்துக்கிட்டீங்க? இனிமே உங்க ஜகளய தமிழ்லயே வெச்சுக்கோங்க. கன்னடத்துல ஊட்டா ஆய்த்தா, சாப்டாச்சான்னு மட்டும் கேளுங்க. போதும்!"

ரேவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். கௌரம்மா கையை உதறிவிட்டு, "மொதல்ல கூசுக்கு ஷூ கழட்டு" என்றார்.

சினிமாவாக இருந்தால் ஹரிணி உடனே இரண்டு ஷூவையும் வீசியெறிந்துவிட்டுச் சிரித்திருப்பாள். இது நிஜம். ஒரு ஷூவை மட்டும் கழற்றவிட்டாள். இன்னொரு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு ஜாக்கிரதை வேண்டாமா?

இரண்டாவது ஷூ கழல இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. பை அதற்கும் பிறகு. இப்போது கௌரம்மா வீட்டு வாசலில் ஒரு ஷூ கிழக்கேயும் இன்னொன்று மேற்கேயும் கிடக்கிறது. "இந்தப் புட்டிக்கு ஷூவ ஒழுங்கா விடத் தெரியுதா நோடி" என்று கௌரம்மா என்னிடம் பெருமையாகப் புகார் சொல்கிறார். (புட்டி என்றால் குட்டிப் பெண்.)

வீடு மாற்றும் பேச்சு நின்றுபோனது. ரேவதி சூப்பர்வைசராகத்தான் இருக்கிறாள். பாண்டியன் தன் மேனேஜரிடம் பேசி, வீக்லி ஆஃபை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கிவிட்டான். மேனேஜருக்கும் வீட்டில் ஒரு வாண்டு இருக்கிறதாம். சேர்ந்தாற்போல ஒரு முழு நாள் கிடைத்ததும், சண்டைக்கு இருந்த அவசரம் போய்விட்டது என்று ரேவதியே சொன்னாள்.

சண்டையே இல்லையா என்று கேட்காதீர்கள். உண்டு. மாடிவரை கேட்கிறது. ஆனால் தமிழில். குழந்தைக்குப் புரியும் என்று தெரிந்துவிட்டதால், ஊருக்குப் போகிறேன், விட்டுவிட்டுப் போகிறேன் போன்ற வசனங்கள் தானாகவே கட் ஆகிவிட்டன. மோட்டார் சுவிட்சை யார் அணைப்பது என்ற அளவில்தான் நிற்கிறது. சமாதானமும் அங்கேயே, அவள் கண் முன்னாலேயே. ஒரு டீயைப் போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினால் சமாதானம் என்று ஹரிணிக்கு இப்போது தெரியும்.

போன ஞாயிறு மறுபடியும் துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஆளையே தள்ளுகிற காற்று. டேங்க் பக்கத்தில் வெறுங்காலோடு ஹரிணி. எதிரே அதே மூன்று க்ளிப்கள். மறுபடியும் சண்டையா? பெட்ஷீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"மோட்டார நீதான் ஆஃப் பண்ணல!" என்றது நீல க்ளிப்.

"எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்றது ரோஸ் க்ளிப்.

மக்கு மெல்லத் தூக்கிக்கொண்டது. ஸ்பிரிங் போன அந்தக் குட்டி மஞ்சள் க்ளிப் வெளியே வந்தது. இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது.

"ஸாக்கு! ஊட்ட மாடோண!"

போதும், சாப்பிடலாம் வாங்க என்று அர்த்தம். பெரிய க்ளிப்கள் இரண்டும் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டன.

அந்த இரண்டையும் எடுத்துத் துணியில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. நல்ல துண்டு ஒன்று காற்றில் பறந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது… போகட்டும்!