ரேவதியின் சனிக்கிழமை கிளாஸ்

ரேவதி போயிட்டா.

வியாழக்கிழமை காலையில அவ தம்பி மெசேஜ் போட்டான். டெங்கு. செம்பூர்ல ஆஸ்பத்திரியில நாலு நாள் வச்சுப் பாத்திருக்காங்க. முப்பது வயசு கூட ஆகல.

நான் அரிசி களைஞ்சுகிட்டு இருந்தேன். படிச்சேன்... போனைக் கீழ வச்சேன்... களைஞ்சு முடிச்சு உலையும் வச்சிட்டேன். பொறவுதான் மறுபடி எடுத்துப் படிச்சேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க தாராவிப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைதோறும் பிள்ளையார் கோயில் ஹால்ல சயின்ஸ் சொல்லித் தந்த ரேவதி டீச்சர். புக்கை வச்சு இல்ல. பேட்டரி, வயர், காந்தம்... எல்லாத்தையும் பிள்ளைகளே கையால செஞ்சு பாக்கணும். நான் ஏழாவதுதான் படிச்சிருக்கேன். கூடமாட நின்னு சாமான் எடுத்துக் குடுப்பேன், கிளாஸ் நோட்டு எழுதுவேன்.

மொத மொத அவளைப் பாத்தது ஒரு ஆயுத பூஜை அன்னைக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டுற பட்டறை. சாமானெல்லாம் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு சாமி முன்னால வச்சாச்சு. கழுத்துல ஆபீஸ் கார்டு, கையில ஒரு பெட்டி... வேர்த்து ஊத்த வந்து நிக்கா.

அவ ஆபீஸ்ல வருஷத்துல ஒரு நாள் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணுமாம். குட்டி மோட்டார் செய்யச் சொல்லித் தரலாம்னு பெட்டி நிறைய காப்பர் வயர் சுத்திக் கொண்டாந்திருக்கா. ஒண்ணுகூட ஓடல. இங்க ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது, ரெண்டு மணிக்கு ஸ்கூல்ல நிக்கணும்.

இவரு வயரை வாங்கிப் பாத்தாரு. "ஏம்மா, நீ என்ன படிச்சிருக்க?"

"எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், அங்கிள்."

"வெளங்கிரும். இதுக்கு மேல எனாமல் பூச்சு இருக்கு பிள்ள. முனையைச் சுரண்டாம கரண்ட் எப்படிப் போவும்?"

அவ முகம் சுண்டிப் போச்சு. பாதி இந்தியிலயே புலம்பினா. "அரே யார்... நாலு வருஷம் மோட்டார் பத்திப் படிச்சேன் ஆன்ட்டி. ஒரு தடவை கூட தொட்டதில்ல."

சொல்லிகிட்டே பூஜையில இருந்த கத்தியை எடுக்கப் போனா. நான் விடல. இன்னைக்கு எதையும் தொடக் கூடாதுன்னேன்.

"ப்ளீஸ் ஆன்ட்டி, ஒன்லி டூ மினிட்ஸ்!"

"ரெண்டு நிமிஷமும் கிடையாது. கை இருக்குல்லா? தரை இருக்குல்லா? தேய்."

சிமெண்ட் தரையில சம்மணம் போட்டு உக்காந்து தேய்ச்சா. மோட்டார் சுத்திச்சு. அவ போட்ட கூச்சல்ல யாருக்கோ ஷாக் அடிச்சிருச்சுன்னு பக்கத்துக் கடைக்காரன் ஓடிவந்து மெயினை ஆஃப் பண்ணிட்டான்.

அடுத்த சனிக்கிழமை தானா வந்தா. ஆபீஸ் அனுப்பல. அதுக்கடுத்த சனிக்கிழமையும்... ஆன்ட்டி எப்ப அக்கா ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

அவ கிளாஸ்ல ஒரு விஷயம் நீங்க பாத்திருக்கணும். பிள்ளைக பல்பு எரியலன்னு முழிக்கும்போது ரெண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில வச்சு, கை மேலயே உக்காந்துக்குவா. "வெளிய எடுத்தா நானே செஞ்சு குடுத்துருவேன் அக்கா."

ஒரு வாலு கேக்கும், "டீச்சர், உங்களுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாதாமே?" "தெரியாதுடி. நீ வாசி, நான் கேக்கேன்"னு எங்க ஊர்ப் பேச்சுலயே பதில் சொல்லுவா. செம்பூர்க்காரிக்கு அது ஒட்டவே ஒட்டாது. பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன வருஷம் வேலையை விட்டுட்டா. இதையே சொல்லித் தர வாரம் பூரா ஒவ்வொரு முனிசிபல் ஸ்கூலா ஏறி இறங்கினா.

அன்னையிலேருந்து அவங்க அம்மா அவகிட்ட பேசல. ஒரே வீடு... சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டு உள்ள போயிருவாங்களாம்.

"ஒரே ஒரு சனிக்கிழமை அம்மா வந்து பாத்தாப் போதும் அக்கா. சண்டை போடவாவது வரட்டும்." வாரா வாரம் கூப்பிட்டுட்டுதான் கிளம்புவா. முட்டி வலின்னு தம்பி மூலமா பதில் வரும்.

நேத்து கிளாஸ் நோட்டை எடுத்துப் பாத்தேன். போன சனிக்கிழமைக்கு என் கையெழுத்துல இருக்கு. டீச்சருக்குக் காய்ச்சல். கிளாஸ் இல்லை.

அவ்வளவுதான் எழுதியிருக்கேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் செம்பூர் போனேன். எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவங்க அம்மாவை அன்னைக்குத்தான் மொத தடவை பாக்கேன்.

"தாராவி அக்கா நீங்கதானே?"

"ஆமாம்மா."

உக்காரச் சொல்லி பாயை நகர்த்திப் போட்டாங்க. அப்புறம் கேட்டாங்க. "நன்னா சொல்லிக் குடுப்பாளா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "ஆரம்பத்துல ரொம்ப வேகம்மா, பிள்ளைகளுக்குப் புரியாது. பொறவு நல்லா சொல்லித் தந்தா. ரொம்ப நல்லா."

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"நான் வரலாமோ?"

பக்கத்துல இருந்த சொந்தக்கார அம்மா பதறிட்டாங்க. "என்ன பேசறே நீ? பத்து நாள் தீட்டு. கோயிலுக்கா?"

அவங்க அது காதுலயே விழாத மாதிரி என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க.

கல்யாணமாகி வந்த நாளிலேருந்து நான் ஒரு தீட்டையும் மீறினதில்ல. சாவு வீட்டுக்குப் போய் வந்தா தலை முழுகாம அடுப்பைக்கூடத் தொட மாட்டேன். எங்க சாமிக்குத் தெரியும்.

"கோயில் ஹால் வேண்டாம்மா. எங்க வீட்டு வாசலுக்கு வாங்க. கிளாஸை அங்கன வச்சுக்கிடுவோம்."

வாயிலேருந்து வந்திருச்சு. சாமிகிட்டயும் சொல்லிட்டேன். தப்புன்னா அது என் கணக்கு.

இவரு சந்துல தார்ப்பாய் கட்டிட்டாரு. பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான்தான் சொல்லணும். என்னத்தைச் சொல்லப் போறேன்னு யோசிக்கக்கூட முடியல... தலைக்குள்ள ஒண்ணுமே ஓடல.

இதைப் படிக்கிற அம்மா அப்பாமாருக்கு. பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பாதீங்க. எங்க வீட்டுக்கு அனுப்புங்க.

காலையில அவ தம்பிக்கு லொகேஷன் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் இல்ல. இன்னைக்கு சனிக்கிழமை. இப்ப மணி மூணரை.

ரேவதி... நீ அம்மாவைக் கூப்பிட்ட இடம் இது இல்ல. இடத்தை மட்டும் மாத்திட்டேன் பிள்ள. கோவிச்சுக்காத.

போயிட்டு வா.