தலைவலி என்று சொன்ன வருஷங்கள்

பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், மனைவியிடம் எனக்கிருந்த ஆசை மெல்ல விட்டுப்போயிற்று. தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். தலைவலி பொய்யில்லை; ஆனால் அது இல்லாத நாட்களிலும் அதையே சொன்னேன். முகத்தில் மயிர் வளர்வதும் குறைந்தது. மாதம் ஒரு சவரம் போதும் என்றானதை யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை இல்லையென்று அம்மா அவளை மலடி என்றபோது நான் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் வருஷம், வேறு பெண் பார்க்கலாம் என்றாள் அம்மா. அதற்கும் தலையாட்டினேன். மனைவியை எடப்பாடிக்குப் பக்கத்திலிருந்த அவள் அப்பன் வீட்டுக்கு நானே வண்டி கட்டிக் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த சில மாதங்களில் கண்ணில் கோளாறு தெரிந்தது. எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. கொடிக்காலில் நடந்தால் இருபுறமும் கொடி படரும் அகத்தி மரங்களில் தோளை இடித்துக்கொள்வேன். சேலத்துக்குப் போனேன். கண்ணைச் சோதித்த டாக்டர் திடீரென்று வேறு கேட்டார்.

"சவரம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"மாசத்துக்கு ஒண்ணுங்க."

"சம்சாரத்தோட சேர்ந்திருக்க ஆசை வருதா?"

தலை குனிந்தேன். "இல்லீங்க. மூணு வருசமாச்சுங்க. கொழந்தையும் இல்லீங்க."

தலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஆசை, ஆண்மை, பிள்ளை பெறும் சக்தி எல்லாம் அதன் உத்தரவில்தான் நடக்கின்றன. அங்கே ஒரு கட்டி வளர்ந்து அதை நசுக்குகிறது. கண் நரம்பையும் அழுத்துகிறது.

"குழந்தை இல்லாததுக்கு இதுதான் காரணம். உங்க சம்சாரம் இல்லை" என்றார்.

மறுநாளே அவள் ஊருக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க ஒடம்புல என்னமோ கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஊட்டுக்கு வருவியா புள்ள?"

தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

"கண்ணு தெரியாம தனியா எப்படி வைத்தியத்துக்குப் போவீங்க? வாரேன், போங்க."

சென்னையில் கட்டியைச் சுருக்க எக்ஸ்ரே கதிர் வைத்து வைத்தியம் செய்தார்கள். பார்வை மேலும் கெடாமல் நின்றது. தலைவலி தணிந்தது. ஆசை திரும்பவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. அம்மாவிடமும் ஊரிலும் கண் நோய் என்று மட்டும் சொல்லிவைத்தேன்; வேறு பெண் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. நான் சொன்ன காரணத்தை அவளும் திருத்தவில்லை.

மறுவருஷம் பங்காளி வீட்டில் கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பூ வைக்கப் போனவளின் கையிலிருந்து ஒரு பெரியம்மா பூவை வாங்கிக்கொண்டாள்.

"நீ வேண்டாம் சாமி. புள்ள பெத்தவ வெக்கட்டும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். கோளாறு அவளிடம் இல்லை, என்னிடம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துண்டைச் சரிசெய்துகொண்டு, பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.