மூலை மாறாத கட்டில்

கர்ர்ரக். ஷட்டருக்கு வெளியே நிற்கும்போதே கேட்கும் இந்தச் சத்தம்தான் எங்கள் தொழிலின் பள்ளியெழுச்சி: அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை யாரோ இழுக்கிறார்கள், ஆகவே உலகத்தில் எங்கோ யாருக்கோ வீடு போய்விட்டது.

எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலை. விடியும்வரை திரைகளைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பகலில் தூக்கம் வராது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குப் பதில், கரமனையில் எங்கள் நிவாரணச் சங்கம் எடுத்திருக்கும் பழைய கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பெட்டி கட்டுகிறேன். வெள்ளம் என்றதும் வாட்ஸ்அப் குழுவில் "நானும் வரேன்" என்று போட்டு மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

துணி வேண்டாம்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வராணி என்ற தொழிலாளி கூப்பிட்டாள். காற்றில், அவர்கள் குடியிருக்கும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. புருஷன் இடுப்பு அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறவர். ஒழுகும் இடத்தை விட்டுக் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறாள். "என்னென்ன வேணும்னு சொல்லும்மா, பெட்டி ரெடியா இருக்கு" என்றேன் பெருமையாக. நம் பெட்டிகளின் லட்சணம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"துணிமணி ஒண்ணும் வேண்டாம் அண்ணே. வீட்டுல நாலு மூலையும் பாத்தாச்சு, இனி கட்டில் போட மூலை இல்ல. மேல போட ஒரு தார்ப்பாய் மட்டும் குடுங்க."

நல்ல குடும்பம்

தார்ப்பாய் தவிர எல்லாம் வந்தது. ஒற்றைக்கால் செருப்பு, போன வருஷத்து இருமல் மருந்து, சுவிட்ச் போட்டால் மட்டும் ஓடாத மிக்சி. எங்களோடு பிரித்து அடுக்கும் லதா சேச்சி, ரிட்டயர்டு நர்ஸ், நாற்றத்தை வைத்தே சாமான் எந்தப் பரணில் இருந்தது என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் பெரிய காரில் ஒரு அம்மாள் இறங்கினார். மகனின் கல்யாணக் கோட்டு. சரிகை வேலை, தோளில் கல் பதித்தது. மகனுக்கு வயிறு போட்டுவிட்டதால் உலக நன்மைக்காக விடுகிறார். தோட்டத்து லயத்துக்கு இது எதற்கு என்று சேச்சி கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. போகிற போக்கில் கார்க் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

"கண்டவனுக்குக் குடுத்துடாதீங்க, கேட்டோ. நல்ல குடும்பமா பாத்துக் குடுக்கணும்."

வெளிநாடு

பிறகு தார்ப்பாயும் வந்தது. ஒரு வியாபாரி ஒரு கட்டே அனுப்பினார். நீல நிறம், புது வாசனை. செல்வராணிக்கு ஒன்று எடுத்து வைக்கிறேன் என்று நான் கை வைப்பதற்குள், தூரத்தில் ஏதோ ஒரு தேசத்தில் நிலம் ஆடிவிட்டது. சங்கத் தலைவர் மோகனன் சாருக்கு முகமே மலர்ந்தது. இதுவரை நெய்யாற்றைத் தாண்டாத எங்கள் புகழ் கடல் தாண்டப்போகிறது. கட்டு மொத்தத்துக்கும் டேப் சுற்றி, "வெளிநாடு" என்று கொட்டை எழுத்தில் எழுதி மூலையில் வைத்தார்கள். அந்தத் தேசமோ, சாமான் போதும், தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டது. சரி, பிரித்துவிடலாமே என்றேன். வெளிநாடு என்று எழுதியதைத் தலைவர் சொல்லாமல் பிரிக்கக்கூடாதாம். தலைவரிடமே போய் நின்றேன். போனக்காட்டில் ஒரு மனுஷர் நனைந்துகொண்டு கிடக்கிறார் சார் என்றேன். என் தோளில் தட்டினார்.

"போனக்காடு நம்ம ஸ்வந்தம் ஸ்தலமல்லே? எங்கயும் ஓடிப்போகாது. எப்ப வேணும்னாலும் போகலாம்."

எது நிவாரணம்

அந்த எப்ப வேணும்னாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வித்துரா வரை டெம்போ. அதற்கு மேல் பாதை கெட்டுக் கிடந்ததால் ஜீப். ஜீப்பில் முதலில் ஏறியது பிளெக்ஸ் பேனர், சட்டமும் கழியுமாக. அதில் மோகனன் சார் கைகூப்பிச் சிரிக்கிறார். பக்கத்தில் தேயிலைத் தோட்டம் தபால்தலை அளவுக்கு. அடுத்து மோகனன் சார் நேரில். பிறகு போட்டோ எடுப்பவர், குடை பிடிப்பவர், செயற்குழுவில் மீதிப்பேர். அரிசி மூட்டைகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தன. தோட்டத்துக்காரர்களோடு பழகித் தமிழ் பேசும் டிரைவர், பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அண்ணாச்சி, ஆள் ஏறினா அரிசி ஏறாது, அரிசி ஏறினா ஆள் ஏறாது. இதுல நிவாரணம் எதுன்னு சொன்னா வண்டிய எடுத்துரலாம்."

உள்ளேயா வெளியேயா

மேலே லயத்தின் முன்னால் பேனரைக் கட்டினோம். ஒரு நுனியைப் பிடித்தவன் நான்தான். ஜீப்பின் இடுக்கில் ஏறி வந்த ஒரே மூட்டையை வரிசையாக ஒவ்வொரு கையிலும் கொடுத்து, படம் எடுத்து, வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்தார் சார். செல்வராணியின் முறை வந்ததும் அவள் மூட்டையைத் தொடாமல், "தார்ப்பாய், சார்?" என்றாள். "அடுத்த ட்ரிப்பில உறப்பா" என்று சத்தியம் செய்தார். உள்ளே கட்டில் நடுவீட்டில் நின்றது. அதன்மேல் புருஷன், அவர்மேல் ஒரு உரச்சாக்கு.

அப்போது மழை பிடித்தது. செயற்குழு முழுவதும் ஜீப்புக்குள் பாய்ந்தது. செல்வராணி மட்டும் நனைந்தபடி பேனரைத் தடவிப் பார்த்தாள். "இது ஒழுகுமா சார்?"

"ஒழுகவா? நம்பர் ஒன் குவாலிட்டி" என்று ஜீப்புக்குள்ளிருந்து பெருமையாகச் சொன்னார் மோகனன் சார். சொல்லி முடிப்பதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். என் கையிலிருந்த நுனியை நான் விட்டேன். அந்த வருஷம் சங்கத்துக்காக நான் செய்த உருப்படியான சேவை அதுதான். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் சார் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. கூரைச் சட்டத்தில் ஏறி நின்ற செல்வராணி கீழே பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

"உங்க மூஞ்சி வெளிய பாக்கணுமா சார், உள்ள பாக்கணுமா? வெளிய வச்சா சாயம் போயிரும். உள்ள வச்சா எங்க வீட்டுக்காரருதான் படுத்துக்கிட்டு நாள் பூரா பாக்கணும்."

மறுநாள்

மழை விடவில்லை. மண்டபத்திலிருந்து பயந்துகொண்டே போன் செய்தேன். சாயம் போகக்கூடாது என்று உள்பக்கமாகவே போட்டுவிட்டாளாம். ஒழுகுகிறதா என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு இல்ல அண்ணே. கட்டில் போட்ட இடத்துலயே கெடக்கு. அவருதான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

ஆக, கூரை பறந்தவனுக்கு எங்கள் சங்கம் ஒன்றும் கொண்டுபோகவில்லை என்று இனி எந்த நாக்கும் சொல்ல முடியாது. "வெளிநாடு" கட்டு இன்னும் மூலையில்தான் இருக்கிறது. சாயா குடிக்க நாங்கள் உட்காருவது அதன்மேல்தான். லதா சேச்சி டேப்பின் நுனி கிடைக்காமல் உருளையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாங்கி, நகத்தால் நெம்பி, அடுத்த பெட்டிக்கு இழுத்தேன்.