செம்பனைப் பழ நிறம்

யோங் பெங் ஊரில் எங்கள் தேவாலய வாசலில் பொங்கலுக்கு வண்ண அரிசிக் கோலம் போடுவோம். அரிசிக்குச் சாயம் ஏற்றுவது எப்போதும் என் வேலை. எந்தப் படம், என்ன நிறம் என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். என்னைக் கேட்டால் "எதுனாலும் சரி" என்பேன். அதற்கு மேல் வாய் வராது.

இந்த வருடம் மாதர் குழுத் தலைவி, "படம் வரஞ்சு கலர் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ஞாயித்துக்கெழம ஒன்னு எடுப்போம்," என்றார். பேசத்தானே கூச்சம், படம் அனுப்ப என்ன? ஒரு தடவையாவது என் கோலம் அந்த வாசலில் கிடக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள், தன் கம்ப்யூட்டரில் கோடு இழுக்கவும் நிறம் ஊற்றவும் காட்டிக்கொடுத்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் பழக்குலை ஒன்றை வரைந்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி வளர்ந்தவள் நான்; அதன் செக்கச் சிவந்த ஆரஞ்சு எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இருந்த ஆரஞ்சோ, ஐஸ் கரைந்த சர்பத் போல வெளிறிக் கிடந்தது.

"ஆரஞ்சுனா ஆரஞ்சுதாம்மா. அரிசிக்கு என்ன தெரியப் போவுது?"

"அரிசிக்குத் தெரியாதுடி. பாக்குறதுல பாதிப் பேரு தோட்டத்து ஆளுங்க."

"அப்ப நீங்களே கலக்கிக்குங்க லா," என்று 'கஸ்டம் கலர்' என்ற இடத்தைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி திரும்பும்போது சிந்திய பழம் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வானவில் போலப் பரந்த கட்டத்தில் சிவப்பைத் தொட்டால் கறுப்பு வந்தது. மஞ்சளைத் தொட்டாலும் கறுப்பு. கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேனோ என்று கையை எடுத்துவிட்டேன். எழுந்து போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஓரத்தில் ஒல்லியாக ஒரு பட்டை. மேலே வெள்ளை, கீழே கறுப்பு. அதற்குரிய சின்ன அம்பு அடியில், கறுப்பிலேயே கிடந்தது. பிடித்து மேலே இழுத்தேன். திரியைத் தூண்டினது போல நிறம் எழும்பி வந்தது. கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளினேன். பழத்தைத் திரையோரம் பிடித்தேன். அதேதான். சேர்க்கிற பொத்தானை அமுக்கியதும், காலியாக இருந்த கட்டத்தில் என் நிறம் போய் உட்கார்ந்தது.

படத்தை மகள் தன் கைப்பேசியிலிருந்து அனுப்பினாள். பேர் போடாதே என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தலைவி அதை எல்லோருக்கும் காட்டினார். "இந்தக் குலையப் பாருங்க, இப்பதான் வெட்டிப் போட்ட மாதிரி. நம்பரும் யாருதுன்னு தெரியல. யாரு அனுப்புனது?"

"நான்தான்," என்றேன். "அந்தக் கலரும் நான் கலக்குனது."

"அக்கா, நீங்களா? இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? சரி, இதத்தான் போடுறோம். அரிசில ஏறுமா இந்தக் கலரு?"

"ஏறும். ஏத்திக் காட்டுறேன்."

பொங்கலன்று நடுவில் உட்கார்ந்து முதல் பிடி அரிசியை நான் போட்டேன். பூசைக்கு வந்தவர்கள் குனிந்து பார்த்து, யார் கோலம் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.