சாரங்கு கோவிந்தசாமி விட்ட பந்து

எனக்கு யாரையும் லேசில் நம்பி வராது. மீன்காரர் ‘இன்றைக்கு வந்தது’ என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். டாக்டர் ‘ஒன்றுமில்லை’ என்றால்தான் பயமே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தமான் பற்றி எழுதச் சொல்லி இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். ஆனால் நான் அங்கே போனது கடலில் குளிக்கவோ பவளப்பாறை பார்க்கவோ அல்ல. 1974 ஜனவரியில், என் தங்கை வசந்தாவுக்கு வந்த வரனின் அப்பா யோக்கியரா இல்லையா என்று விசாரிக்கப் போனேன்.

எங்கள் அப்பா இல்லை. முப்பத்தொரு வயதில் நான்தான் வீட்டுக்குப் பெரியவன். மாப்பிள்ளை செல்வராஜ், போர்ட் பிளேரில் துறைமுக ஆபீஸ் கிளார்க். போட்டோ வந்த அன்றைக்கே வசந்தாவுக்குப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, போட்டோவை மட்டும் யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. பையனின் அப்பா பெயரைக் கேட்டதும் எனக்கும் தலைகால் புரியவில்லை. இடக்கை கோவிந்தசாமி! தஞ்சாவூர்ப் பக்கம் பூப்பந்து ஆடிய எவனைக் கேட்டாலும் சொல்வான். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அவர் கடைசியில் நிற்பார். பந்து வலையைத் தாண்டும்போதே அது உள்ளே விழுமா வெளியே போகுமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே போகிற பந்துக்கு மட்டையைத் தூக்கி, ‘விடு!’ என்பார். ஒரு முறைகூட அவர் கணக்கு தப்பியதில்லை என்பார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் வேலை கிடைத்து அந்தமானுக்குக் குடிபோனவர். நான் அவர் ஆடிப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஊர் டீமில் நானும் கடைசியில் நிற்கிறவன்தான்; அவர் கதையைக் கேட்டுத்தான் ஆட வந்தேன்.

இந்த நேரத்தில் அங்கிருந்து ஒருவர் என் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டார். ஒரே வரி: ‘மேட்ச்சை விட்டவர் வீடு, யோசித்துச் செய்யவும்.’ பந்தை விடுவது வேறு, மேட்ச்சை விடுவது வேறு. முன்னது கண் பார்த்துச் செய்கிற கணிப்பு. பின்னது கை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு தோற்பது. ‘நெருப்பில்லாமப் புகையாதுடா’ என்றார் சித்தப்பா. ‘நேர்ல போய் விசாரிச்சுட்டு வா’ என்றாள் அம்மா.

மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து புதன்கிழமை மாலை நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். அடித்தட்டில் பங்க் கிளாஸ், டிக்கெட் அறுபது ரூபாய் சொச்சம் என்று என் டைரியில் இருக்கிறது. முதல் ராத்திரி முழுக்க வாந்தி. இரண்டாம் நாள் மோரும் ஊறுகாயும். மூன்றாம் நாள் மேல்தட்டில் ஏறி நின்றேன். பறக்கும் மீன் பார்த்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாடோ ஜெட்டியில் இறக்கிவிட்டார்கள்.

செல்வராஜ் வந்து காத்திருந்தார். என் டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டார். இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு அப்போதே உறுத்தியது. மின்னி பேயில் அவர்கள் வீடு. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஜங்லிகாட்டில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு, எதிரே காதர் பாய் கடையில் சாப்பிட்டேன். இந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

காதர் பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். பரோட்டாவும் பேச்சும் இரண்டுமே கடையில் தாராளம்.

‘கோவிந்தசாமியா? அரே தம்பி, இந்த ஐலண்டுக்குப் பூப்பந்தைக் கொண்டாந்ததே அவருதான். நம்ம ஆளு, தெலுங்குக்காரன், பெங்காலி எல்லாரையும் சேர்த்து ஒரே டீமாப் போட்டவரு. அறுபத்திரண்டுல மெயின்லாண்ட் டீம் ஒண்ணு கப்பல்ல வந்து ஆடுச்சு. மூணாவது கேம். ரெண்டு பக்கமும் இருபத்தெட்டு. கடைசிப் பந்து. மனுசன் மட்டையைத் தூக்கி விட்டுட்டாரு! பந்து கோட்டுக்கு இந்தாண்ட ஒரு முழம் உள்ள விழுது!’

‘அவ்வளவு பெரிய ஆளு எப்படி விடுவாரு பாய்?’

‘மத்லப்... அதாவது தம்பி, அதைத்தான் பன்னிரண்டு வருசமா ஊரே கேக்குது’ என்று கண்ணடித்தார்.

பக்கத்து பெஞ்சில் ஒருவர், இருட்டிவிட்டது, அதனால்தான் என்றார். இன்னொருவர், மறு மாதமே வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டாரே, அது எப்படி என்றார். மூன்று நாள் கேட்டேன், ஆளுக்கொரு கதை. இருட்டுக் கதையைச் சோதிக்க அந்த மைதானத்துக்கே போனேன். அங்கே ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். நாலே முக்காலுக்குத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்த நேரம்தானாம். அப்படியானால் இருட்டு இல்லை. என் சந்தேகம் ஒரு படி ஏறிவிட்டது.

அப்போதுதான் காதர் பாய், ‘ஹல்தாரைக் கேளுங்க. அன்னிக்கு முன்னாடி நின்னு ஆடினவன். கோவிந்தசாமி ஓட்டுற படகுலதான் இன்னிக்கும் வேலை பாக்குறான்’ என்றார். கோவிந்தசாமி பாராடாங் போகும் சர்க்கார் படகுக்குச் சாரங்கு. சுக்கான் பிடிப்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ‘அப்பா படகுல போறீங்களா? டிக்கெட் நான் எடுத்துட்டு வரேன்’ என்றார் செல்வராஜ். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு ரூபாய்.

காலை ஆறு மணிக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. அரிசி மூட்டை, கோழிக்கூடை, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், நான். கோவிந்தசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நீளக் கை. ‘வாங்க தம்பி’ என்றதோடு சரி. ஹல்தார் படகின் இடது விளிம்பில் குந்தியிருந்தார். குட்டையான பெங்காலி. நான் மேட்ச் பேச்சை எடுத்ததுமே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

‘க்யா பூச்தா ஹை? பைசா சாப்ட்டான், பந்து சோட் தியா! சோர் ஹை சாலா!’

தன்னைத் திருடன், காசு வாங்கிக்கொண்டு பந்தை விட்டவன் என்று எதிரிலேயே ஒருவன் திட்டுகிறான். கோவிந்தசாமியோ பீடியைப் பற்றவைக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. திருடன் என்றால் கோபம் வரும், இல்லையென்றால் அதைவிட அதிகமாக வரும். இந்த ஆளுக்கு இரண்டும் வரவில்லையே!

பதினோரு மணி வாக்கில் படகு கடலை விட்டுச் சதுப்பு மரங்களுக்கு நடுவே ஒரு கால்வாயில் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் காலூன்றி நிற்கும். இப்போது போகிறவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளுகிற இடம் அது. நான் வேர் எதையும் பார்க்கவில்லை, கோவிந்தசாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கமிருந்து ஒருவர் டீ கிளாஸை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கிளாஸ் தோளில் இடித்த பிறகுதான் முகத்தை முழுசாகத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் இடதுபுறத்து மரங்களுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தோணி சட்டென்று குறுக்கே வந்தது. கோவிந்தசாமி அசையவே இல்லை. ‘பாயேன்!’ என்று ஹல்தார் ஒரு குரல் கொடுத்தார். இந்தியில் இடது பக்கம் என்று அர்த்தம். அடுத்த நொடி சுக்கான் திரும்பியது. தோணி ஒரு கை தூரத்தில் போயிற்று.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டேன். வழி நெடுக ஹல்தார் பாட்டுப் பாடுவதுபோல ‘பாயேன் சாஃப்’, அதாவது இடது பக்கம் தடையில்லை, ‘பாயேன் மரம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வலது பக்கத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது.

மதியம் ஒரு மணிக்கு பாராடாங். ஜனங்கள் இறங்கிப் போனதும் படகுக்காரர்கள் ஜெட்டிக் கொட்டகையில் சோறு வடித்தார்கள். நான் தள்ளி நின்றேன். ‘படகு எங்க வீடு இல்ல தம்பி, சும்மா சாப்பிடுங்க’ என்று கோவிந்தசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு மூக்கு அறுந்தது. சாப்பிட்டேன். கை கழுவி வந்து, பையிலிருந்த பந்தை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவருடைய இடது காதுப் பக்கம் வீசினேன். இமைகூடத் துடிக்கவில்லை. பந்து கன்னத்தை உரசிக் கீழே விழுந்தது. ஹல்தார் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

‘எத்தனை வருசமா?’ என்றேன்.

கோவிந்தசாமி குனிந்து பந்தை எடுத்தார். அதன் ரோமத்தைத் தடவினார். ‘மேட்ச்சுக்கு ஒரு மாசம் முன்னாடி. புதர் வெட்டுறப்ப பிரம்பு முள்ளு இடது கண்ணுல அடிச்சிருச்சு. பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல சொன்னா அன்னிக்கே சுக்கானை வாங்கிடுவான். மூணு புள்ளைங்க தம்பி.’

‘அப்போ அந்தக் கடைசிப் பந்து?’

‘இடது மூலைக்கு வந்துச்சுன்னு காதைத் தாண்டிப் போன சத்தத்துலதான் தெரிஞ்சுது. பாக்கலைன்னு சொல்ல முடியுமா? சட்டுனு மட்டையைத் தூக்கிட்டேன், விட்ட மாதிரி.’ தரையைப் பார்த்தபடி சொன்னார்: ‘ஏன் விட்டான்னு ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சா கண்ணுல வந்து நிப்பாங்க. அதான் இந்த ஹல்தார், நான் காசு வாங்கிட்டேன்னு ஒரு கதையைக் கட்டிவிட்டான்.’

ஹல்தார் என்னைப் பார்த்து, கொச்சைத் தமிழில், ‘சோர் கூப்ட்டா நௌக்ரி போகாது சாப். அந்தா கூப்ட்டா போயிடும்’ என்றார். திருடன் என்றால் வேலை போகாது, குருடன் என்றால் போய்விடும். பன்னிரண்டு வருடமாக ஊர் முழுக்க நண்பனைத் திட்டிக்கொண்டு, அவனுக்கு இடது கண்ணாகவும் இருந்திருக்கிறார் இந்த மனிதர். அதுவரை ‘ஐயா’ என்றே பேசிக்கொண்டிருந்தவன், முதல்முறையாக ‘மாமா’ என்றேன்.

‘இது இந்தப் படகோட நிக்கட்டும் தம்பி’ என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சத்தியமாக அப்படியே இருக்கத்தான் நினைத்தேன். திரும்பி வந்து, கப்பலுக்கு முதல் நாள் காதர் பாய் கடையில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரே பூரிப்பு. என் ஆதர்சம் பொய்த்துப் போகவில்லை! தங்கைக்கு நல்ல இடம்! சம்பந்தம் முடிவு என்று பாயிடம் சொன்னேன். அவர் பரோட்டாவைத் தட்டிக்கொண்டே, ‘பேஷ்! மேட்ச்சை வித்த வீட்டுல பொண்ணைக் குடுக்குறீங்க. கல்யாணச் சீரையாவது விக்காம இருக்காங்களா பாருங்க’ என்றார். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நாளைக்கு என் வசந்தா இந்தத் தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் இதே சிரிப்புத்தானே கேட்கும் என்று தோன்றியது.

‘நிறுத்துங்க பாய்! அந்த மனுசன் மேட்ச்சை விக்கலை. அவருக்கு இடது கண்ணு தெரியாது! பந்து வந்ததையே அவர் பாக்கலை!’

காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, ‘யா அல்லா, இவ்வளவு நாளா பாவம் சேர்த்துட்டோமே’ என்றார். இரண்டு பேர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒரு பெரிய மனிதரின் பெயரைத் துடைத்து வைத்துவிட்ட பெருமையோடு மறுநாள் கப்பல் ஏறினேன். வழியனுப்ப செல்வராஜ் வரவில்லை. ஆபீஸ் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான். ஆனாலும் ஒரு தடவையாவது கப்பலில் போங்கள். தேதி மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாராடாங்குக்கு இப்போது சாலையே உண்டு, சுமார் நூறு கிலோமீட்டர். காட்டு வழியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துத்தான் விடுவார்கள், கடைசியில் ஃபெர்ரியில் கடக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் வெளிச்சத்தை நம்பி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். டீக்கடைகளில் யாராவது அயலாரைப் பற்றிக் கேட்டால், நிஜம் தெரிந்தாலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

நான் வீடு வந்த மூன்றாவது வாரம், அடுத்த கப்பலில் செல்வராஜின் கடிதம் வந்தது. எனக்கல்ல, வசந்தாவுக்கு. அவள் அதைக் கூடத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்தபடி சத்தமாகப் படித்தாள். அப்பாவை ஆபீஸில் கூப்பிட்டுக் கண்ணைச் சோதித்துவிட்டார்கள், சுக்கான் போய்விட்டது, இப்போது ஜெட்டியில் கயிறு இழுக்கிறார், ஹல்தாரையும் வேறு படகுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. ‘உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உங்கள் அண்ணன் முகத்தில் அப்பாவை விழிக்கச் சொல்ல என்னால் முடியாது. பன்னிரண்டு வருடம் ஊர் அவரைத் திருடன் என்றது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உங்கள் அண்ணன் வந்து அவரை நல்லவர் ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.’

வசந்தா கடிதத்தை நாலாக மடித்தாள். போட்டோவை அதற்குள் வைத்தாள். ‘அண்ணே, இனிமே எனக்காக நீ எங்கயும் போயி விசாரிக்காதே’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.