பழுது பார்க்க ஒரு மனு

அப்போது நான் காளவாசலில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வாரத்தில் ஆறு நாளும் கோச்சடைப் பக்கம் முளைத்துக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குத் தீப்பெட்டி தீப்பெட்டியாக அறை வரைவேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாவத்தைக் கழுவ, டேப்பும் கேமராவும் எடுத்துக்கொண்டு மாசி வீதிகளுக்குப் பின்னால் சந்து சந்தாகப் பழைய வீடுகளைப் பார்த்துத் திரிவேன். என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்றாள். முக்கால்வாசி சரிதான்.

டேப்போடு ஒருவன் வாசலில் நின்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இடிக்க வந்திருக்கிறான். ஒரு தெருவில் ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிச் சௌராஷ்டிரத்தில் ஏதோ கத்தினார். பிறகு தமிழுக்கு மாறி, "ரோட்ட அகலப்படுத்தவா வந்திருக்கீங்க?" என்றார்.

"இல்லக்கா, ஜன்னல் நல்லாருக்கு. அதான் பாக்குறேன்."

அவர் நம்பவில்லை. ஜன்னலைப் பார்க்க எவனாவது வேலைமெனக்கெட்டு வருவானா?

அப்படித் திரிந்தபோதுதான் அந்தப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். யாரோ ஒரு ஜவுளி வியாபாரி தன் குடும்பத்துக்கென்று கட்டிய வீடு, பிறகு ஆரம்பப் பள்ளியாகி அரசு உதவியோடு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் மூன்றாம் வகுப்பு, சாமி அறையில் ஒன்றாம் வகுப்பு. சமையலறையில், புகைபோக்கிக்குக் கீழே, தலைமை ஆசிரியையின் மேஜை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துக் கட்டிய உயரமான மச்சு. ஏப்ரல் வெயிலில், ஃபேன் இல்லாமல், பிள்ளைகள் வியர்க்காமல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்த ஓர் அறையிலும் அது நடக்காது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடிக்கடி போக ஆரம்பித்தேன். தலைமை ஆசிரியை என்னை ஒரு பொருட்டாக மதித்து, ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடுவார். பள்ளிக் கட்டடங்களையெல்லாம் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர் முகம் வாடிவிட்டது. பள்ளியை நடத்திய நிர்வாகத்துக்கு எப்படியாவது அதை மூடிவிட வேண்டும், ஒரு சாக்குக்குக் காத்திருந்தார்கள்.

"கட்டடம் நல்லாத்தான் இருக்குன்னு வெவரம் தெரிஞ்சவங்க எழுதினா கேப்பாங்க சார்" என்றார். "இதை மூடுனா பெரிய ரோட்டத் தாண்டித்தான் போகணும். பொம்பளப் பிள்ளைகள நிறுத்திருவாங்க. ஒரு மனு எழுதித் தாங்க."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சுவரின் கனம், காற்று வரும் வழி, உத்தரங்களின் எண்ணிக்கை, ஒன்றையும் விடவில்லை. ஓர் உத்தரத்தில் மட்டும் கரையான் தடம் இருந்தது. நேர்மையாக இருக்க வேண்டுமே என்று, அந்த ஒன்றைப் பழுது பார்த்தால் போதும், கட்டடம் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும் என்று முடித்தேன்.

தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "ரிப்பேர்னே போட்டுருங்களேன் சார்" என்றார்.

"நல்ல தமிழ் இருக்கும்போது அது எதுக்கு டீச்சர்?" என்றேன். அவ்வளவு மிதப்பு.

அரசு அலுவலகத்துத் தமிழில் பழுது என்பது வேறு சரக்கு. 'பழுதடைந்த கட்டடம்' என்று ஒரு சுவரில் சிவப்பு மையில் எழுதிவிட்டால் அதன் கதை முடிந்தது, இடிப்பதற்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. இத்தனை வருடம் ஒப்பந்தக்காரரிடம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். என் எழுத்தின் அழகில் மயங்கிக் கிடந்தேன், உறைக்கவில்லை.

மனு என்ன ஆயிற்று என்று கேட்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். 'கட்டடம் பழுதடைந்துள்ளதாகப் பொறியாளர் ஒருவரே மனு அளித்துள்ளார்' என்று குறிப்பு எழுதி, கீழே இடிக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். நான் பொறியாளர்கூட இல்லை.

"அண்ணே, பழுது பாக்கணும்னுதான எழுதிருக்கேன்!"

"பழுது இல்லாமலா பாக்கச் சொன்னீக? பிள்ளைக உசுரு விசயம்ணே. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மறுபடி எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை. முதல் மனுவை நானே மறுக்கிறேன் என்றுகூட எழுதினேன். எவரும் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த எழுத்தர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கல்வியாண்டோடு பள்ளியை மூடினார்கள். இடிக்கத் தொடங்கியபோது போய்ப் பார்த்தேன். சுவர்கள் லேசில் விழவில்லை, ஆட்கள் கடப்பாறையை வைத்துவிட்டு வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். இறக்கிப் போட்ட உத்தரங்களில் அந்த ஒன்றைத் தேடி எடுத்து, சாவியால் சுரண்டிப் பார்த்தேன். கரையான் மேல்தோலைத்தான் தின்றிருந்தது. உள்ளே மரம் கல்லாக இருந்தது. அதற்குப் பிறகு பழைய வீடு பார்க்கப் போவதை விட்டுவிட்டேன். கேமராவை மனைவியின் தம்பிக்குக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். பணி நிரவலில் அவரைத் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தூக்கியடித்திருந்தார்கள். தினமும் இரண்டு பஸ். மெலிந்திருந்தார். பழைய பள்ளியில் படித்த மூன்று பெண் பிள்ளைகள் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார், எந்தெந்த வகுப்பு என்றும் சொன்னார். கோப்பில் இருந்த குறிப்பு அவருக்குத் தெரியாது. நிர்வாகம்தான் எங்கோ ஆளைப் பிடித்துக் காரியத்தை முடித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"அத்தன பேருல நீங்க ஒருத்தர்தான் சார் எங்களுக்காக எழுதுனீங்க. அத மறக்க மாட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அது பொய். பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் அவரிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.