சுபநேரத்தில் இறக்கிய சில்லு

நல்ல நேரமாம்! மண்ணாங்கட்டி. பத்து நாற்பத்திரண்டு என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவனை நான் திட்டமாட்டேன். அது அவன் தொழில். எங்கள் பணிப்பாளர் உமாசுதன் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிய மனிதர். அவரை நினைத்தால்தான் வயிறு பற்றி எரிகிறது.

சாம்பவி கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை. எங்கள் அளவீட்டு ஆய்வுகூடத்தில் என்னைப்போலவே ஆறு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று வந்தது. புதிய கருவியைத் திறக்கும் அன்று அந்த நியமனக் கடிதம் அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அம்மா முதல்நாளே மயூரபதி அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டார்.

கருவியின் உயிர் நகமளவு சில்லு ஒன்று, 'சிப்' என்பார்களே அது. அதில் ஆயிரக்கணக்கான மீகடத்திச் சந்திகள், கடுங்குளிரில் தடையில்லாமல் மின் ஓடும் இணைப்புகள். திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி மைக்ரோ அலை கொடுத்தால், ஆடலோட்ட வோல்ற்றளவை, அதாவது ஏசி மின்னழுத்தத்தை, படிப்படியாக, இம்மியும் பிசகாமல் ஆக்கித் தரும். ஆனால் மெதுவாகக் குளிரவேண்டும், பக்கத்தில் காந்தம் இருக்கக்கூடாது. இதை மூன்று மாதம் படித்துத் தேறியவள் அவள் மட்டும்தான்.

அன்று ஹீலியம் வந்து சேரவே பத்தரை. சாம்பவி உமாசுதனிடம் போய்ச் சொன்னாள்.

"சேர், நாற்பது நிமிஷமாவது வேணும். அந்த ஸ்பீக்கரையும் அங்கால எடுக்கச் சொல்லுங்கோ, உள்ளுக்குக் காந்தம் இருக்கு."

"விசர்க்கதை கதையாதையும். சீஃப் கெஸ்ற் வந்திட்டார், நேரம் தப்பக்கூடாது. விடும், நான் இறக்கிறன்."

இறக்கினார். பத்து நாற்பத்திரண்டுக்கு, மங்கள வாத்தியம் அலறிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஒரே மூச்சில்! ஹீலியம் பாதிக்குமேல் புகையாய்ப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் மட்டமாக நிற்கவேண்டிய படிகள் சரிந்து கிடந்தன. ஸ்பீக்கரின் காந்தப்புலம் சில்லுக்குள் சிக்கிவிட்டது. வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்பக் குளிர்விக்கலாம். அதற்குப் போதிய ஹீலியம் மிச்சமில்லை.

புதிய கருவியில் அளந்ததாகச் சொல்லி மேடையில் கொடுக்க, முதலாவது சான்றிதழ் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரிகளில் இதயத்துடிப்பு இயந்திரங்களைச் சோதிக்கும் வேறொரு கருவி சரியாக அளக்கிறது என்பதற்கானது. இலக்கங்களைக்கூட முதல்நாளே அச்சடித்து வைத்திருந்தார்கள், பாவிகள். உமாசுதன் அதைச் சாம்பவியிடம் நீட்டினார்.

"அளக்காததுக்கு நான் சைன் பண்ணமாட்டன், சேர்."

"கடிதம் வேண்டாமோ உமக்கு?"

"இப்பிடியெண்டா வேண்டாம்."

உமாசுதன் தாளை என் பக்கம் தள்ளினார். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இப்படி ஒரு சாக்குப்போக்கைத்தானே உலகத்தில் எல்லா நாயும் சொல்லும்? போட்டேன். கடிதமும் பொன்னாடையும் எனக்கு.

சாம்பவி மேசையை ஒதுக்கிக்கொண்டு போகும்போது என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம்.

"அண்ணை, அந்தக் கருவி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் ஃபோன் பண்ணி, பாவிக்கவேண்டாமெண்டு சொல்லுறன்."

தெரியாது என்றேன். கையெழுத்துப் போடும்போது அந்தப் பெயரை நான் வாசிக்கவேயில்லை.